ஆலை வைத்தவர், ஊர்களை வளர்த்தவர் - ஜாம்ஷெட்ஜி டாட்டா

மும்பை, நாக்பூர், பெங்களூர், ஜாம்ஷெட்பூர். உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டுக் கிளம்பிய நம் குடும்பங்கள் குடியேறி, தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட ஊர்களின் பட்டியலில் இந்த நான்கும் கட்டாயம் இடம் பெறும். இவற்றுள் ஒன்று பெரிய துறைமுகம், ஒன்று பருத்திச் சந்தை, ஒன்று மைசூர் சமஸ்தானத்தின் நகரம், மற்றொன்றோ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் காடும் சில கிராமங்களுமாக இருந்த இடம். ஆனால் நான்கிலும் ஒரே மனிதரின் கைரேகை இருக்கிறது. அவர் ஜாம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாட்டா.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறார்கள். பெற்றோர்களுக்குக் கவலை. லாபம் வருமா, நஷ்டம் வருமா என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் தொழில் தொடங்கினால் அந்த ஊருக்கு, அந்தப் பிரதேசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. டாட்டாவின் வாழ்க்கையை அந்தக் கேள்வியோடு படித்தால் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பெருமைப்பட வேண்டியதும் உண்டு, சற்று நின்று யோசிக்க வேண்டியதும் உண்டு.

நவசாரியிலிருந்து பம்பாய்க்கு

ஜாம்ஷெட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, அன்று பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நவசாரியில் பிறந்தார். பார்ஸி புரோகிதர் குடும்பம். வழிவழியாக வந்த புரோகிதத்தை விட்டு முதன்முதலில் வியாபாரத்துக்கு வந்தவர் அவருடைய தந்தை நுஸர்வான்ஜி. வைதிகக் குடும்பங்களிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த நம் முன்னோர்களின் கதையோடு இதற்கு உள்ள ஒற்றுமை எளிதில் விளங்கும். மகனுக்கு நல்ல ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று தந்தை அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1858இல் வெளியே வந்த ஜாம்ஷெட்ஜி, தந்தையின் கம்பெனியில் சேர்ந்தார். மறு வருஷமே ஹாங்காங்கில் கிளை தொடங்க அனுப்பப்பட்டார். அன்றைய பம்பாய் வியாபாரிகள் பலரையும் போல அவர்களும் சீனாவுக்குப் பருத்தியும் அபினியும் அனுப்பி வந்தார்கள். பிற்காலத்துப் புகழுக்காக இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அமெரிக்கப் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை விண்ணைத் தொட்டது. பம்பாயில் பணம் புரண்டது. புதுப்புது வங்கிகளும் பங்குகளும் முளைத்தன. போர் முடிந்ததும் விலை ஒரேயடியாகச் சரிந்தது. அப்போது ஜாம்ஷெட்ஜி இங்கிலாந்தில் இருந்தார். கையில் இருந்த பத்திரங்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அவர் கடன் கொடுத்தவர்களிடம் நிலைமையை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். அவர்களும் நம்பி அவகாசம் கொடுத்தார்கள். குடும்பத்தின் செல்வம் பெரும்பாலும் கரைந்தது.

இந்த அடி அவருக்கு ஒரு பாடமாயிற்று. விலை ஏற்ற இறக்கத்தில் வரும் பணம் ஊரில் தங்குவதில்லை. பருத்தி விளைவது இங்கே, துணி நெய்வது லங்காஷயரில், அதை வாங்கி உடுத்துவது மறுபடியும் இங்கே என்றால் நடுவில் கிடைக்கும் கூலியும் திறமையும் லாபமும் வேறு தேசத்துக்கே போகின்றன. 1868இல் 21,000 ரூபாய் முதலில் தனியாக ஒரு வியாபார ஸ்தாபனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு சிஞ்ச்போக்லியில் திவாலான ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, பஞ்சாலையாக மாற்றி, சில காலம் நடத்தி லாபத்துக்கு விற்றார். பிறகு லங்காஷயருக்கே போய் அங்கே ஆலைகள் நடக்கும் விதத்தைப் பார்த்து வந்தார்.

நாக்பூரில் போட்ட விதை

அந்நாளில் பஞ்சாலை என்றால் பம்பாய்தான். துறைமுகம், வங்கி, இயந்திரம் பழுது பார்ப்போர் எல்லாம் அங்கே இருந்தன. ஜாம்ஷெட்ஜி கணக்கை வேறு விதமாகப் போட்டார். பருத்தி எங்கே விளைகிறது? நிலக்கரி எங்கே கிடைக்கிறது? துணி எங்கே விற்கும்? மூன்றையும் ரயில் எங்கே இணைக்கிறது? நாக்பூரைச் சுற்றிப் பருத்தி விளைந்தது. வரோராவில் நிலக்கரி இருந்தது. 1867இலேயே பம்பாயிலிருந்து ரயில் வந்துவிட்டது. சுற்றிலும் கைத்தறி நெசவாளர்களும் சந்தைகளும் இருந்தன. 1874இல் 15 லட்ச ரூபாய் முதலீட்டில் கம்பெனி தொடங்கினார். ஜும்மா தலாவ் ஏரியருகே மலிவாகக் கிடைத்த சதுப்பு நிலத்தை வாங்கி மேடாக்கினார். உள்ளூரில் கடன் கேட்டபோது, பொன்னைக் கொண்டுபோய் மண்ணில் கொட்டுகிறவருக்கு யார் பணம் தருவது என்று ஒரு லேவாதேவிக்காரர் மறுத்துவிட்டாராம். கொட்டியது மண்தான், எடுத்ததோ பொன் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1877 ஜனவரி 1ஆம் தேதி ஆலை தொடங்கியது. விக்டோரியா ராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்ட நாள் அது. ஆகவே எம்ப்ரஸ் மில் என்று பெயர். நிர்வாகத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தவர் பேஜோன்ஜி மேத்தா. ரயில்வேயில் சரக்குப் பிரிவில் இருந்தவர், பஞ்சாலை அனுபவம் இல்லாதவர். ஆனால் ஒழுங்கும் நாணயமும் ஆட்களை நடத்தும் திறமையும் உள்ளவர். தொடக்கத்தில் மலிவு பார்த்து வாங்கிய இயந்திரங்களால் நூல் தரமில்லாமல் வந்தது. உடனே அவற்றை மாற்றி நல்லவை வாங்கினார்கள். 1880களில் வளையக் கதிர்கள் புதிதாக வந்தபோது, லங்காஷயரே தயங்கிக்கொண்டிருந்த வேளையில், நாக்பூரில் அவற்றைச் சோதித்துப் பார்த்துப் பொருத்தினார்கள்.

அதைவிடப் பெரிய சிரமம் வேறொன்று. கிராமத்து ஜனங்களுக்கு ஆலைச் சங்குக்கு எழுந்து வேலைக்கு வரும் பழக்கம் கிடையாது. ஒரு நாள் வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். அபராதம் போட்டு மிரட்டுவதுதான் அன்றைய வழக்கம். ஜாம்ஷெட்ஜி அந்த வழியில் போகவில்லை. ஆலையில் காற்றோட்டமும் ஈரப்பதம் காக்கும் ஏற்பாடும், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்களும் வைத்தார். 1886இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895 முதல் வேலையில் காயம்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கத் தொடங்கினார். படித்த வாலிபர்களை எடுத்து ஆலை நிர்வாகம் பழக்கும் திட்டமும் இருந்தது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலம் அது. தயாள குணம் ஒரு பக்கம் இருக்க, வியாபாரக் கணக்கும் இதில் உண்டு. பழகிய ஆள் நிலையாக நின்றால்தான் இயந்திரம் முழுப் பலன் தரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இப்படிப் பழகிய கைகளும் கண்காணிப்பாளர்களும் பெருகியதால் நாக்பூர் வெறும் சந்தை ஊராக இல்லாமல் தொழில் ஊராக மாறியது.

சறுக்கல்களும் உண்டு

வெற்றிகளை மட்டும் எழுதினால் சரித்திரம் அரைகுறையாகும். 1886இல் பம்பாய் குர்லாவில் ஒரு நலிந்த ஆலையை வாங்கி அதற்கு ஸ்வதேசி மில் என்று பெயர் வைத்தார். இயந்திரங்கள் தேய்ந்திருந்தன. பங்கின் விலை விழுந்தது. சொந்தப் பணத்தை இறக்கி, நாக்பூரில் பயின்ற ஆட்களை வரவழைத்துத்தான் அதை நிமிர்த்த முடிந்தது. முதல் ஆலையில் பழகிய மனிதர்களே இரண்டாவது ஆலையைக் காப்பாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1890களில் தூர கிழக்குக்குச் சரக்கு அனுப்ப ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி அதிகக் கட்டணம் வாங்கியதால், ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தாமே கப்பல் விட்டார். எதிராளிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். இவரை நம்பி வந்த வியாபாரிகளும் மலிவைப் பார்த்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கப்பல் தொழிலை மூட வேண்டியதாயிற்று. பெங்களூரில் ஜப்பானிய நிபுணர்களைக் கொண்டு பட்டுப் பண்ணை வைத்தார். அது பின்னர் வேறு கைக்கு மாறியது. ஆனாலும் பெங்களூர்வாசிகள் இன்றும் பசவன்குடி பக்கம் டாட்டா சில்க் ஃபார்ம் என்று ஓர் இடத்தைக் குறிப்பிடுகிறார்கள்.

மூன்று கனவுகள்

அறுபது வயதை நெருங்கும்போது பெரும்பாலானோர் ஓய்வை நினைப்பார்கள். ஜாம்ஷெட்ஜியோ தம் ஆயுளில் முடியாது என்று தெரிந்தே மூன்று பெரிய காரியங்களைக் கையில் எடுத்தார். இரும்பு ஆலை, நீர்மின்சாரம், விஞ்ஞானக் கல்விக்கூடம். கூடவே பம்பாயில் ஒரு பெரிய ஹோட்டல். தாஜ்மஹால் ஹோட்டல் 1903 டிசம்பர் 16ஆம் தேதி திறக்கப்பட்டது. அவர் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

இந்த மூன்றும் தனித்தனி ஆசைகள் அல்ல. தொழிலுக்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு எஃகு வேண்டும். இயந்திரம் ஓட மலிவான சக்தி வேண்டும். இரண்டையும் நடத்த இந்த நாட்டிலேயே படித்த நிபுணர்கள் வேண்டும். இவை இல்லாதவரை ஆலை எத்தனை வைத்தாலும் ஒவ்வொரு திருகாணிக்கும் சீமையை எதிர்பார்க்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

கல்வியில் அவருடைய முதல் முயற்சி 1892இல் தொடங்கிய நிதி. வெளிநாட்டில் உயர்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு அது கடனாகப் பணம் கொடுத்தது. வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்ட வேண்டும், அது அடுத்த மாணவருக்குப் போகும். முதலில் பார்ஸிகளுக்காக இருந்ததை விரைவிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டார். கேரளத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பின்னர் ஜனாதிபதியான கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது டாட்டா உதவியால்தான்.

பெங்களூரும் சேஷாத்ரி ஐயரும்

1898இல் ஆராய்ச்சிக் கல்விக்கூடம் ஒன்றுக்காகத் தம் சொத்தில் ஏறக்குறைய பாதியை, பம்பாயில் இருந்த கட்டிடங்களையும் நிலங்களையும், ஒதுக்கினார். அவற்றின் மதிப்பு 30 லட்ச ரூபாய். பர்ஜோர்ஜி பாதுஷா என்ற கல்விமான் அவருக்காக ஐரோப்பா சென்று பல்கலைக்கழகங்களைப் பார்த்துத் திட்டம் தயாரித்தார். அந்த ஆண்டு இறுதியில் வந்திறங்கிய வைஸ்ராய் கர்ஸன் பிரபுவிடம் திட்டம் தரப்பட்டது. அவர் உற்சாகம் காட்டவில்லை. இவ்வளவு உயர்ந்த படிப்புக்கு மாணவர்கள் வருவார்களா, படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே என்பது அவருடைய சந்தேகம்.

இங்கேதான் நம்மவர் ஒருவரின் பெயர் வருகிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சர் கே. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்தவர். சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பும் திட்டத்துக்கு வித்திட்டவர். டாட்டாவின் கல்விக்கூடத்தை மைசூர் ராஜ்யத்துக்குக் கொண்டுவர அவர் ஆர்வமாக ஆதரவு தந்தார். இடம் பார்க்க வந்த விஞ்ஞானி சர் வில்லியம் ராம்ஸே, பெங்களூரே தகுந்தது என்றார். சமஸ்தானம் 371 ஏக்கர் நிலமும் பண உதவியும் வழங்கியது. கல்விக்கூடம் 1909இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1911இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. டாட்டாவும் அப்போது இல்லை, சேஷாத்ரி ஐயரும் இல்லை.

கர்ஸனின் சந்தேகத்துக்குக் காலம் பதில் சொன்னது. முதல் உலக யுத்தத்தில், மைசூர்ச் சந்தனக்கட்டையை வாங்கி எண்ணெய் எடுத்துவந்த ஜெர்மனிக்கு ஏற்றுமதி நின்றது. கட்டைகள் தேங்கின. இந்தக் கல்விக்கூடத்தின் ரசாயனப் பேராசிரியர்கள் இங்கேயே எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டார்கள். 1916இல் எண்ணெய்த் தொழிற்சாலையும், சிறிது காலத்தில் சோப்புத் தொழிற்சாலையும் வந்தன. நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கிய மைசூர் சாண்டல் சோப்பின் கதை இதுதான். கச்சாப் பொருளாக வெளியேறிய கட்டை, உள்ளூரில் வேலையும் வருமானமும் தரும் பொருளாயிற்று. 1933இல் சர் சி.வி. ராமன் அதன் முதல் இந்திய இயக்குநரானார். 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். 1942இல் கல்விக்கூடத்தில் விமானப் பொறியியல் துறை வந்தது. அதே கல்விக்கூடத்தின் இயக்குநர் சதீஷ் தவான் 1972 முதல் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் தலைமை வகித்தார். இன்றைய பெங்களூரைத் தொழில்நுட்ப நகரம் என்று சொல்லும்போது அதன் வேர்களில் ஒன்று அந்த 371 ஏக்கரில் இருக்கிறது.

நீர்மின்சாரமும் அவ்வாறே. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையை லோணாவளா பக்கம் ஏரிகளில் தேக்கி, கீழே கோபோலியில் மின்சாரம் எடுத்துப் பம்பாய்க்குக் கொடுக்கும் எண்ணம் அவர் காலத்தில் பிறந்தது. 1910இல் கம்பெனி தொடங்கி 1915இல் மின்சாரம் பாய்ந்தது. கரிப்புகையில் மூழ்கியிருந்த பம்பாய் ஆலைகள் படிப்படியாக மின்சாரத்துக்கு மாறின.

இரும்பைத் தேடி

1882இல் சாந்தா ஜில்லாவின் இரும்புத் தாது பற்றி ஒரு ஜெர்மானிய நிபுணர் எழுதிய அறிக்கை ஜாம்ஷெட்ஜியின் கையில் கிடைத்தது. அப்போது முதல் அவருக்கு அதே நினைவு. வரோரா நிலக்கரி இரும்பு உருக்க உதவவில்லை. சுரங்க விதிகளும் கடுமையாக இருந்தன. 1899இல் விதிகள் தளர்ந்தபின் மீண்டும் முயன்றார். 1902இல் 63 வயதில், உடல்நலம் குன்றியிருந்த நிலையில், அமெரிக்கா சென்று இரும்பு நகரங்களைச் சுற்றிப் பார்த்து, சார்லஸ் பெரின் என்ற பொறியாளரைத் தம் வேலைக்கு இசைய வைத்தார். பெரின் அனுப்பிய வெல்ட் என்பவரும், மகன் தோராப்ஜியும், உறவினர் ஷாபுர்ஜி சக்லத்வாலாவும் மாட்டு வண்டியில் மத்திய இந்தியக் காடுகளில் அலைந்தார்கள். இந்தச் சக்லத்வாலா பிற்காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினரானார் என்பது சுவாரசியமான செய்தி.

சாந்தாவில் கிடைத்தது போதவில்லை. தற்செயலாக நாக்பூரில் பார்த்த பூகர்ப்ப வரைபடம் துருக் ஜில்லாவைக் காட்டியது. தல்லி ராஜ்ஹரா மலைகளில் உயர்தரத் தாது குவிந்திருந்தது. ஆனால் கரியும் தண்ணீரும் பக்கத்தில் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் பிலாயில் அரசாங்க எஃகு ஆலை எழுந்தபோது இந்த மலைகள்தான் அதற்குத் தாது கொடுத்தன. டாட்டாவின் தேடல், அவருக்குப் பயன்படாத இடத்திலும் வேறொரு பிரதேசத்துக்கு வழி காட்டியது.

1904 பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. அரசாங்கப் பூகர்ப்ப இலாகாவிலிருந்து விலகி மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் வேலை பார்த்த பி.என். போஸ், அங்கே நல்ல தாது இருப்பதையும் ஜரியா நிலக்கரி எட்டும் தூரத்தில் இருப்பதையும் எழுதியிருந்தார். அந்த மலைகளைப் பார்க்க ஜாம்ஷெட்ஜிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1904 மே 19ஆம் தேதி, சிகிச்சைக்காகச் சென்றிருந்த ஜெர்மனியின் பாட் நவ்ஹைமில், 65ஆம் வயதில் காலமானார்.

சாக்சியில் எழுந்த நகரம்

தோராப்ஜி முதலில் லண்டனில் பணம் திரட்ட முயன்றார். நடக்கவில்லை. 1907இல் பம்பாயில் பங்குகளை வெளியிட்டார்கள். சுதேசி உணர்ச்சி பொங்கிய காலம். மூன்றே வாரங்களில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் முழுத் தொகையையும் கொடுத்தார்கள். மேலும் தேவைப்பட்ட நடைமுறை மூலதனத்துக்குக் குவாலியர் மகாராஜா உதவினார். சுவர்ணரேகா, கர்காய் நதிகள் சேரும் சாக்சி கிராமம் தேர்வாயிற்று. பக்கத்தில் காளிமாட்டி ரயில் நிலையம். 1911 டிசம்பரில் முதல் இரும்பு உருகி வந்தது, 1912 பிப்ரவரியில் முதல் எஃகு. யுத்த காலத்தில் மெசபடோமியா ரயில் பாதைகளுக்குத் தண்டவாளம் கொடுத்ததை மெச்சி, 1919 ஜனவரியில் வைஸ்ராய் செம்ஸ்போர்ட் பிரபு ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி டாட்டாநகர் ஆயிற்று.

ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதை, இடமே தெரியாத காலத்திலேயே, ஜாம்ஷெட்ஜி மகனுக்கு எழுதி வைத்திருந்தார். அகலமான வீதிகள், சீக்கிரம் வளரும் நிழல் மரங்கள், விளையாட்டு மைதானங்கள், எல்லா மதத்தினருக்கும் வழிபாட்டு இடங்கள் என்று விவரமாகச் சொல்லியிருந்தார். 1912இலேயே எட்டு மணி நேர வேலை, 1915இல் இலவச வைத்தியம், 1920இல் சம்பளத்தோடு விடுமுறையும் சேமநல நிதியும் வந்தன. பல சலுகைகள் சட்டமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே நடைமுறைக்கு வந்தன. இத்தனை இருந்தும் 1920லும் 1928லும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கூலியும் மரியாதையும் போதவில்லை என்று தொழிலாளர்கள் நினைத்தபோது பூங்காக்கள் மட்டும் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை.

ஒரு தொழில் இன்னொன்றைக் கூட்டி வந்தது. எஃகைத் தகரமாக்கும் ஆலை, கம்பி, கேபிள் ஆலைகள் 1920களில் வந்தன. 1921இல் தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1945இல் டெல்கோ வந்தது. அதற்கு உதிரிப் பாகங்கள் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் நதிக்கு அப்பால் ஆதித்யபூரில் பெருகின. தென்னிந்தியர், வங்காளிகள், பஞ்சாபிகள் என எல்லோரும் சேர்ந்த ஊராயிற்று.

வேலிக்கு வெளியே

ஆனால் சாக்சி யாருமில்லாத வெற்றிடமாக இருக்கவில்லை. சந்தால், ஹோ முதலிய ஆதிவாசிகள் அந்தக் காடுகளில் உழுது வாழ்ந்தவர்கள். நிலம் அவர்களிடமிருந்து கையகப்படுத்தப்பட்டது. மதிப்பான வேலைகள் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்களுக்குப் போயின. அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மண் சுமக்கும் கூலி வேலை. தண்ணீரும் விளக்கும் சாலையும் உள்ள நகரத்தைத் தாண்டினால், ஜில்லாவின் கிராமங்கள் நெடுங்காலம் பழைய வறுமையிலேயே இருந்தன. கனிம வளத்தில் முதல் வரிசையில் உள்ள ஜார்க்கண்ட், வறுமையிலும் முன்னணியில் உள்ள மாநிலங்களில் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

இதற்கு ஆலை மட்டும் காரணமல்ல. 1950களில் மத்திய அரசு, எஃகை நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்யும் சரக்குக் கட்டணக் கொள்கையைக் கொண்டுவந்தது. தாதுவும் எஃகும் பக்கத்தில் இருப்பதால் வரவேண்டிய அனுகூலம் கிழக்குப் பிரதேசத்துக்கு இல்லாமல் போயிற்று. எஃகை வைத்துச் செய்யும் தொழில்கள் மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்தன. அந்த ஏற்பாடு 1990களின் தொடக்கத்தில்தான் நீங்கியது. மூலப்பொருள் இருக்கும் இடத்தில் தொழில் வளர வேண்டும் என்று நாக்பூரில் ஜாம்ஷெட்ஜி போட்ட கணக்கை, பின்னாளில் அரசாங்கக் கணக்கு தலைகீழாக்கிவிட்டது.

நாக்பூரின் முடிவும் யோசிக்க வைப்பது. பழைய பஞ்சாலைகள் நாடெங்கும் நலிந்த காலத்தில் எம்ப்ரஸ் மில் 1986இல் மாநில அரசு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2002இல் மூடப்பட்டது. ஆலை இருந்த நிலத்தில் இப்போது பெரிய கடை வளாகம் இருக்கிறது. ஆலை அழியக்கூடியது. அது நடந்த காலத்தில் அங்கே பழகியவர்களின் திறமையும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த படிப்பும்தான் ஊரில் மிஞ்சுகின்றன. பெங்களூரில் அவர் வைத்தது ஆலை அல்ல, கல்விக்கூடம். அதன் பலன் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது. நான்கு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முதல் போட்டவர் எவ்வளவு போட்டார் என்பதைவிட, அந்த இடத்து மனிதர்களுக்கு என்ன கற்றுக் கொடுத்தார் என்பதே பிரதேசத்தின் வளர்ச்சியைத் தீர்மானித்திருக்கிறது. சாக்சியின் ஆதிவாசிகளுக்கு அந்தக் கல்வி வெகு தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. குறை அங்கேதான்.

உத்தியோகஸ்தர்களின் பங்கு

இன்னொன்றையும் நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தொழிலதிபர்கள் அல்லர், உத்தியோகஸ்தர்கள். டாட்டாவின் கதையில் நமக்கு இடம் இல்லையோ என்று தோன்றலாம். ஆனால் எம்ப்ரஸ் மில்லை நிமிர்த்தியவர் ரயில்வேயிலிருந்து வந்த பேஜோன்ஜி. கல்விக்கூடத் திட்டத்தைத் தயாரித்தவர் பாதுஷா. இடம் கிடைக்கத் துணை நின்றவர் சேஷாத்ரி ஐயர் என்ற திவான். தாது இருக்கும் மலையைக் காட்டியவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த போஸ். தம் வேலையைச் சரியாகத் தெரிந்துகொண்டு, தெரிந்ததைத் தக்கவரிடம் சொன்ன உத்தியோகஸ்தர்கள் இல்லாவிட்டால் டாட்டாவின் பணம் மண்ணில்தான் கொட்டியிருக்கும்.

ஆகவே பிள்ளை தொழில் தொடங்குகிறேன் என்று வந்தால், எவ்வளவு சம்பாதிப்பாய் என்பதோடு, அந்த ஊரில் யாருக்கு என்ன வேலை கற்றுக் கொடுப்பாய் என்றும் பெற்றோர் கேட்கலாம். நல்ல பதில் வந்தால் தைரியமாக ஆசீர்வாதம் செய்து அனுப்பலாம். ஜாம்ஷெட்ஜி கண் மூடியபோது மூன்று பெரிய திட்டங்களும் காகிதத்தில்தான் இருந்தன. பதினோரு ஆண்டுகளுக்குள், 1915க்குள், மூன்றும் நிறைவேறின. அவர் பணத்தை மட்டும் விட்டுப் போயிருந்தால் அது நடந்திருக்காது. எடுத்து நடத்தப் பழகிய மனிதர்களையும் விட்டுப் போயிருந்தார்.